உப்பு நிரப்பிய கையுறை

என் கணவருக்குப் பல்செட் கட்டும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயை அச்செடுத்து, வார்த்து, ராவி, மெருகு போடுவார். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதில் கொஞ்சம் பவளம், நாலைந்து மீன். அவற்றுக்குப் பாறை வேண்டும். கடையில் விற்கிற பாறை எதுவும் அவர் கண்ணுக்கு அழகாகப் படவில்லை. "பல்லையே செய்யறவன் கல்லைச் செய்ய மாட்டேனா?" என்று துணி துவைக்கிற இடத்தில் கடை பரப்பிவிட்டார்.

செய்முறை எனக்கே மனப்பாடம். சிமெண்ட், உடைத்த கிளிஞ்சல், கல் உப்பு மூன்றையும் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈர மணலில் பறித்த குழியில் அப்ப வேண்டும். இறுகியதும் எடுத்து ஒரு டப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். மீன் ஒளிந்துகொள்ளக் குகை வேண்டுமென்றால் இவர் ஒரு தனி வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பழைய காலுறைக்குள் உப்பைத் திணித்துக் கலவைக்குள் புதைத்துவிடுவார், வாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. உப்பு கரைந்ததும் துணியை உருவினால் குகை தயார். இந்தக் கூத்தில் என் காலுறைகள் எல்லாம் ஒற்றை ஒற்றையாகிவிட்டன. கேட்டால், மீனுக்கு வீடு கட்டின புண்ணியம் உனக்குத்தான் என்பார்.

அந்தத் தடவை காலுறை சிக்கவில்லை. கொடியின் ஓரத்தில் தொங்கிய ஒரு கெட்டியான கையுறையை எடுத்து உப்பை அடைத்துவிட்டார். யாருடையது என்று கேட்கிற பழக்கம்தான் அந்த மனுஷனுக்குக் கிடையாதே. அது என் தங்கை புருஷனுடையது.

அவர் துறைமுகத்தில் டைவர். கப்பலுக்கு அடியில் முங்கி, ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிற வேலை. தண்ணீருக்கு வெளியே வந்தால் மட்டும் ஆளுக்கு அப்படி ஒரு கூச்சம். என் கணவர் அவருக்கு வைத்த பேரே 'சங்கோஜம்'. ஒரு நாள் காலையில் முங்கியவர் மேலே வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தார்கள், கயிறுதான் வந்தது. உடம்பு கிடைக்கவில்லை என்பதால் என் தங்கை அழவும் இல்லை. "மேல வரலைன்னா இன்னும் உள்ளதானே இருக்காரு" என்றாள். அவளைத் தனியே விட மனசு வராமல் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். கூடவே ஒரு பையில் அவருடைய சாமான்களும் வந்தன. அந்தக் கையுறைகளை அலசிக் காயப்போட்டதே நான்தான்.

கல்லிலிருந்து கையுறையை உருவும்போது அவள் பார்த்துவிட்டாள். வீடே இரண்டாகப் போகிறது என்று நான் பயந்தேன். அவளோ கிட்டே வந்து, டப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கிடந்த கல்லைப் பார்த்தாள். அதில் ஒரு கையின் அளவுக்குப் பொந்து. உள்ளங்கை விரிந்து, அங்கிருந்து ஐந்து விரல்களாகப் பிரிந்து இருட்டுக்குள் போயிருந்தது. மெல்லத் தன் கையை உள்ளே விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் சிவந்தது. கல்யாண மேடையில்கூட அவள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு" என்றாள்.

அன்றிலிருந்து அவளை அங்கிருந்து எழுப்புவதே பெரும்பாடாகிவிட்டது. புதுசாகச் செய்த கல் வாரக்கணக்கில் சுண்ணாம்புக் காரத்தைக் கக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி அது அடங்கிய பிறகுதான் மீனிடம் விடலாம். அதில் தினமும் கையை வைத்திருந்தால் என்ன ஆகும்? தோல் வெளுத்தது, உரிந்தது, விரல் இடுக்கெல்லாம் புண். துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை பார்க்கிறவள் அவள். ஊசியைப் பிடிக்க முடியவில்லை. களிம்பு தடவிவிட்டால், நான் அந்தப் பக்கம் போனதும் கழுவிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வாள்.

அதே கலவையில் செய்த மற்ற கற்களின் தண்ணீரில் காரம் அடங்கிவிட்டது. இது மட்டும் அடங்கவில்லை. என் கணவர் தினமும் காரத்தைக் காட்டுகிற சோதனைச் சொட்டு விட்டுப் பார்ப்பார், ஊதா நிறம் இறங்கவே இல்லை. "இது என்னம்மா அதிசயமா இருக்கு" என்று தலையைச் சொறிவார். அவர் கவலை அவருக்கு. நான் கவனித்தது வேறு. காலையில் நல்ல தண்ணீர் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் உப்புக் கரித்தது. பொந்துக்கு நேர் மேலே எண்ணெய் ஒரு ஆடையாகப் படிந்திருந்தது. மோந்து பார்த்தேன். டீசல் வாடை. வீட்டில் டீசலில் ஓடுகிற எதுவும் எங்களிடம் இல்லை. குழாய்த் தண்ணீர் கெட்டுவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். கணவர் மீனுக்குத் தீனி வாங்கப் போயிருந்தார். துணி எடுக்கப் போன நான் அலறிவிட்டேன். தங்கை கையோடு முகத்தையும் தண்ணீருக்குள் வைத்திருந்தாள். கூந்தல் மிதந்துகொண்டிருந்தது. கொத்தாக மயிரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். இருமி இருமித் தண்ணீர் கக்கினாள். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"ஏண்டி, சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா உனக்கு?"

"கூப்பிடறாருக்கா. மூச்சை அடக்கப் பழகிட்டா போயிடலாம். இன்னும் கொஞ்சம்தான்."

இவளையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா? "இந்தக் கருமத்தை இப்பவே உடைக்கிறேன்" என்று அலமாரியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தேன்.

அவள் தடுக்கவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்: "உடைச்சுக்கோ. ஆனா முதல்ல நீ கையை விட்டுப் பாரு. ஒண்ணுமில்லேன்னு நீ சொன்னா நான் நம்பறேன். நீ என்னைத் திட்டியிருக்கே, அடிச்சிருக்கே. பொய் மட்டும் சொன்னதில்லக்கா."

இவ்வளவுதானே என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கையை விட்டேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. வெயிலில் கிடக்கிற டப்புக்கு அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்குள் என் விரல்கள் பொந்துகளுக்குள் போய்விட்டன. சொரசொரப்பான கல். கல்லைத் தவிர ஒன்றுமில்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அப்போது என் கையை ஒரு கை பிடித்தது. இறுக்கமாக, ஆசையாக, நாள் முழுக்கக் காத்திருந்தவர் பிடிக்கிற மாதிரி. அடுத்த நொடியே, சுட்டுக்கொண்டது போல உதறிவிட்டது.

அந்த உதறலில்தான் எனக்கு எல்லாம் தெரிந்துபோனது. அந்தக் கூச்சக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட என் கையிலிருந்து வாங்க மாட்டார், நான் மேசையில் வைத்த பிறகுதான் எடுப்பார். தெரியாமல் அண்ணி கையைப் பிடித்துவிட்டோமே என்று ஒருத்தர் பதறினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பேயோ பிசாசோ என்றால் என்னை விட்டிருக்குமா? அவரேதான். உள்ளேதான் இருந்தார்.

"என்னக்கா?" தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புண்ணாகிப்போன அந்தக் கை அவள் மடியில் கிடந்தது.

"என்ன என்ன? ஒண்ணுமில்ல."

தண்ணீருக்குள் ஒரு விரல் நுனி என் புறங்கையைத் தொட்டது. பயந்து பயந்து, தயவாக. அண்ணி, அண்ணி என்று கூப்பிடுகிற மாதிரி.

"நிஜமாவா?"

"வெறும் ஓட்டைடி. உன் மாமா உப்பு அடைச்சுப் பண்ணின ஓட்டை. உன் மேல சத்தியமா ஒண்ணுமே இல்ல."

அந்த விரல் நின்றது. அப்புறம் விலகிக்கொண்டது. நான் கையை எடுத்தேன்.

தங்கையின் உதடு கோணியது. அவர் போன நாளிலிருந்து நாங்கள் எதிர்பார்த்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. தரையில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டாருக்கா, போயிட்டாரு" என்று அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிழைத்துவிடுவாள் என்று தெரிந்தது. எனக்கு அது போதும்.

கல்லைத் தூக்கிச் சிமெண்ட் தரையில் வைத்தேன். அழுகைக்கு நடுவிலும் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாத கல்லை உடைக்க யாராவது தயங்குவார்களா? சுத்தியலை ஓங்கினேன். மன்னிச்சிடுங்க தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடித்திருக்கலாம். சொன்னால் அவளுக்குக் கேட்டுவிடும்.