கரிக்கலாம்பாக்கத்தில் கட்டிய காயில்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து கிடைக்கவில்லை. சோரியாங்குப்பத்தில் என் வீட்டு போர் மோட்டார் புகைந்துபோனதால் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் போனேன். ‘சுகன்யா மோட்டார் ரீவைண்டிங்’ என்று போர்டு. உள்ளே சுவரில், சாமி படம் இருக்கவேண்டிய இடத்தில், நாலு பக்கமும் கறுப்புத் தகடு ஒட்டிய ஒரு சின்னப் பெட்டியின் படம்.

“இது என்னம்மா?”

“சேட்டிலைட்டு சார்,” என்றார் சுகன்யா. “உள்ள இருக்குற காயிலு நான் கட்டுனது. மொதல்ல எல்லாத்தையும் தலைகீழா சுத்தவுட்டுட்டேன்.”

மோட்டாரை மறந்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது.

2.

முதல் தொடக்கம்: ‘விண்வெளியின் எல்லையற்ற இருளில், ஒரு பெட்டி தன்னந்தனியாகச் சுழன்று…’

(வேண்டாம். நான் விண்வெளியைப் பார்த்ததில்லை. சுகன்யாவும் பார்த்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘செப்புக் கம்பிகளோடு பேசத் தெரிந்த அந்தப் பெண்…’

(இதைப் படித்துக் காட்டியபோது சுகன்யாவின் கணவர் ஜெயசீலன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம் கீழே. இதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. நேரில் நான் வாங்க, போங்க என்று பேசுகிற சுகன்யாவைக் கதைக்குள் ‘அவள்’ என்று எழுதப்போகிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்களும் கோபிக்க வேண்டாம்.

3.

ஜெயசீலன் மோட்டாரைக் கழற்றுவான், தூக்குவான், மாட்டுவான். காயில் கட்டுவது, அதாவது செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றுவது, சுகன்யா. பல வருடங்களாக இது கடைக்குள்ளேயே இருந்த ரகசியம். வயல்காரர்கள் ஜெயசீலனின் கையைப் பிடித்து, “நல்லா கட்டுனப்பா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஜெயசீலனே போய் அவள் பெயரில் போர்டு எழுதி வாங்கி வந்து மாட்டினான். “பொம்பள கட்டுன காயிலா?” என்று கேட்டுவிட்டு இரண்டு பேர் மோட்டாரைத் திருப்பி எடுத்துப்போனார்கள். சுகன்யா அவர்கள் பெயரை இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஷெரின் வந்தாள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். பெனடிக்ட் என்ற பேராசிரியரோடு சேர்ந்து மாணவர்கள் ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா, நாங்க சுத்துனா கம்பி அறுந்துபோவுது. தலமுடி மாதிரி இருக்கு.”

“மிக்ஸி ஆர்மேச்சர் கட்டுற கை பாப்பா இது,” என்றாள் சுகன்யா. “குடு.”

மூன்று காயிலும், மாற்றுக்கு ஸ்பேராக இன்னொன்றும் கட்டிக்கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கம்பியின் ஒரு முனையில் மஞ்சள் ஸ்லீவ் (கம்பிக்கு மாட்டும் சின்ன உறை), மறு முனையில் சிவப்பு ஸ்லீவ்.

4.

இங்கே கொஞ்சம் பாடம். கொட்டாவி வந்தால் ஐந்தாம் பகுதிக்குத் தாவலாம். தாவியவர்களைப் பற்றி நான் தவறாக நினைக்க மாட்டேன் (நினைப்பேன்).

ராக்கெட் ஒரு பெட்டியை மேலே விட்டுவிட்டுப் போகும்போது அது குட்டிக்கரணம் போட்டுக்கொண்டேதான் போகும். அங்கே காற்று இல்லை, தரை இல்லை, பிரேக் போட எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. சும்மா விட்டால் மாதக்கணக்கில் சுழலும். ஆனால் பூமியே ஒரு பெரிய காந்தம். பெட்டிக்குள் இருக்கும் காயிலில் மின்சாரம் விட்டால் அதுவும் காந்தமாகும். ஒன்றை ஒன்று இழுக்கும். அந்த இழுப்பு எப்போதும் சுழற்சிக்கு எதிராகவே இருக்கும்படி, நேரம் பார்த்து மின்சாரத்தை மாற்றி மாற்றி விட்டால் பெட்டி மெல்ல மெல்ல நிதானத்துக்கு வரும்.

மின்சாரம் தலைகீழாகப் போனால்? அதே இழுப்பு சுழற்சிக்கு ஒத்தாசை செய்யும்.*

* ‘அனுப்புமுன் சோதிக்கவில்லையா?’ என்று கேட்கும் வாசகருக்கு: சோதித்தார்கள். காயில் பக்கத்தில் காம்பஸ் வைத்து மின்சாரம் விட்டார்கள். முள் ஆடியது. எல்லோரும் கைதட்டினார்கள். எந்தப் பக்கம் ஆடியது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. பிறகு கீழேயே வைத்துச் சரிபார்க்க நாலாவதாக அந்த ஸ்பேர் காயிலும் இருந்தது. கண்காட்சிக்கு வாங்கிப்போனவர்கள் திருப்பித் தரவில்லை.

5.

ஏவிய மறுநாள் காலை பதினொன்றரைக்கு ஷெரின் போன் செய்தாள். சுகன்யா ஒரு டேபிள் ஃபேன் காயிலைப் பாதி சுற்றியிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, அது இன்னும் வேகமா சுத்துதுக்கா! நேத்து நொடிக்கு பன்னெண்டு டிகிரி. அப்புறம் பத்தொம்பது. இப்ப இருபத்தேழு.”

“நிறுத்த முடியாதா?”

“நாங்க அனுப்புறது அறுந்து அறுந்துதான் போவுது. பன்னெண்டு நாப்பதுக்கு நேரா தலைக்கு மேல வரும். அப்ப ஒரு தடவ சரியா அனுப்பலாம். அத விட்டா, சுத்துற வேகத்துல சாயந்திரத்துக்குள்ள அதுக்கு ஒண்ணுமே கேக்காதுன்னு சார் சொல்றாரு. ஆனா தப்பு எங்கன்னு தெரியணும்ல? மூணு காயில்லயுமா, ஒண்ணுலயா, இல்ல என் ப்ரோகிராம் கோடுலயா? ஒண்ணுக்கு பதிலா மூணையும் மாத்திட்டா இன்னும் கெட்டுடும்.” மூக்கை உறிஞ்சினாள். “காயில்லாம் சரிதான்க்கா, சிவப்ப ஆரம்பமா வச்சிதான் கரண்ட்டு குடுத்தோம். எல்லாரும் என்னையே பாக்குறாங்க.”

சிவப்பு.

சுகன்யாவின் கடையில் சிவப்பு என்றால் முடிவு. ‘முடிஞ்சா நிறுத்தணும்ல, அதான் சிவப்பு’ என்று என்றைக்கோ அவளே வைத்துக்கொண்ட வழக்கம். மாட்டுகிற ஜெயசீலனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டிய தேவை வந்ததில்லை. காயிலோடு சேர்த்து அதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று ஷெரினுக்கும் தோன்றவில்லை.

“அப்புறம் பேசறேன் பாப்பா,” என்று போனை வைத்தாள்.

6.

இந்த இடத்தில்தான் நான் ஐந்து நாள் நின்றுவிட்டேன்.

அவள் ஏன் அப்போதே சொல்லவில்லை? சொன்னால் பழி காயில் மேல் வரும். ‘பொம்பள கட்டுன காயிலா’ என்று கேட்ட வாய்களுக்கு அல்வா கிடைத்தது போலாகும். சொல்லாவிட்டால் பழி ஷெரினின் கோடு மேல். கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மடமடவென்று இரண்டு விதமாக எழுதினேன்.

(அ) அவள் வாசலுக்கு வந்து போர்டை அண்ணாந்து பார்த்தாள். கண்ணீர் திரண்டது. மனசாட்சி அவளிடம்…

(ஆ) “எனக்கென்ன வந்தது?” என்று சாப்பிடப் போனாள். சோறு தொண்டையில்…

இரண்டையும் கொண்டுபோய் அவரிடமே படித்துக் காட்டினேன்.

“இன்னா சார் இது? சினிமாவா?” என்றார் சுகன்யா. “நான் எங்கியும் போவல. கையில காயிலு பாதியில இருந்தது. நடுவுல உட்டா எத்தினி சுத்துன்ற எண்ணிக்க போயிடும். எண்ணி முடிச்சுட்டு போன் பண்ணேன். அவ்ளோதான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டுகிற கைக்கு எண்ணிக்கைதான் பெரிது. (அ)வையும் (ஆ)வையும் கிழித்தேன். இல்லை, கிழிக்கவில்லை, மேலேதான் இருக்கின்றன.

7.

அவள் போன் செய்தாள். ஷெரினுக்கு இல்லை, நேராக பெனடிக்டுக்கு.

“சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. மூணு காயிலும் தலைகீழ். என் கடையில சிவப்புன்னா முடிவு.”

“மூணுமேவா? நிச்சயமா?”

“நான் கட்டுனது சார். எனக்குத் தெரியாதா?”

ஜெயசீலன் போனைப் பிடுங்கினான். “சார், எங்க ஊர்ல போர் மோட்டார் ரிவர்ஸ்ல ஓடுனா ரெண்டு ஒயர மாத்திப் போடுவோம். நீங்க மேல ஏற முடியாது. கம்ப்யூட்டர்ல மாத்திப் போட்டுடுங்க!”

அதைத்தான் செய்தார்கள். கூட்டல் குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி. பன்னிரண்டு நாற்பதுக்குப் பெட்டி தலைக்கு மேல் வந்தது. ஷெரின் கட்டளையை ஆறு தடவை அனுப்பினாள், ஆறாவதற்குப் பதில் வந்தது. அடுத்த சுற்றில் இருபத்திரண்டு டிகிரி. மறுநாள் காலை மூன்று. கல்லூரி மொட்டைமாடியில் பெனடிக்ட் ஆடியதாகக் கேள்வி. ஷெரின் கடைக்கே வந்து சுகன்யாவைக் கட்டிக்கொண்டாள். ஊரில் கொஞ்ச நாள், “சேட்டிலைட்டையே ரிவர்ஸ்ல ஓட்டுனவங்க” என்று கிண்டல் ஓடியது. அதைக் கேட்டுவிட்டு மோட்டாரைத் திருப்பி எடுத்துப்போனவர் யாரும் இல்லை.

8.

கதை இங்கே முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். ‘சுபம்’ என்றுகூட எழுதிவிட்டேன். மறுநாள் சுகன்யா போன் செய்தார்.

“சார், அந்த எண்ணிக்க விஷயம். எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேம்மா. அதுதான் கதையிலேயே நல்ல இடம்.”

“அது முழுசா உண்ம இல்ல சார். அன்னைக்கி எண்ணி முடிச்சுட்டேன். முடிச்சுட்டு அத்த பிரிச்சேன். பிரிச்சுட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து சுத்துனேன்.”

“எதுக்கும்மா?”

“பயந்துட்டேன் சார். போர்டு மாட்டி எட்டு மாசம்கூட ஆவல. அந்தப் பொண்ணு அங்க அழுதுக்கினு இருக்குது, நான் இங்க நல்லா இருந்த காயில பிரிச்சுக்கினு இருக்கேன். வூட்டுக்காரருக்குகூட தெரியாது.”

அவர்மேல் இருந்த மரியாதை கூடித்தான் போயிற்று.

“இதை எழுதட்டுமா?”

“எழுதுங்க சார். இல்லாட்டி நான் சொன்னது பொய்யாயிடும். ஆனா எம்மா நேரம்னு மட்டும் போடாதீங்க.”

9.

போடவில்லை.

ஷெரின் பேசியது பதினொன்றரை. பெட்டி தலைக்கு மேல் வந்தது பன்னிரண்டு நாற்பது. சுகன்யாவின் போன் நடுவில் எங்கோ போனது. எத்தனை மணிக்கு என்று கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

…………

ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் போர்டில் இருப்பது உங்கள் பெயர் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.