சத்தம் புகாத அறை

பிச்சை கேட்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் கட்டட வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். ஒருவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி உதட்டைப் பிதுக்குவார். ஒருவர் வராத போனை எடுத்துக் காதில் வைப்பார். இன்னொருவர் "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று ஆரம்பித்து உழைப்பின் பெருமையைக் கால் மணி நேரம் அளந்துவிட்டு, ஒன்றும் கொடுக்காமல் போவார். கொடுக்கிறவர்களும் உண்டு. கொடுத்த கையோடு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். இவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வரும். அப்போதெல்லாம் என் வழி சுலபமானது. எனக்கு அது காதிலேயே விழாது.

நடிப்பு இல்லை. நான் காது பரிசோதிப்பவன், பதினாறு வருடமாக இதே தொழில். மின்விசிறி ஓடுகிற அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் விசிறியின் சத்தம் மறைந்துபோகிறது அல்லவா? மூளை வேண்டாத சத்தத்தைத் தானே தள்ளிவிடும், பழக்கினால் போதும். கீழே மருந்துக்கடைப் படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாள். ஐம்பது வயதிருக்கும். அவள் குரலை ஒரே மாதத்தில் அப்படித் தள்ளினேன். உதடு அசைவது மட்டும் தெரியும்.

மாடியில் எங்கள் கிளினிக்கில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் அக்காவுக்கு இது பிடிக்காது. எல்லோரும் அவரை டோக்கன் அக்கா என்றே கூப்பிடுவோம்.

"குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம் சார்" என்பார். "இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கற முத்தா கொட்டிடும்?"

"சொன்னா நாளைக்கும் கேப்பாங்க அக்கா."

"சொல்லாட்டியும் கேக்கத்தான் போறாங்க. உக்காந்திருக்கறது ஆளா தூணான்னாவது நீங்க காட்டிக்கலாம்ல?"

ஊருக்கு உபதேசம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளி பின்தெருவில் இருந்ததால் மாலையில் கிளினிக்குக்கே வந்துவிடுவாள். அவளிடம் என் குணம் ஒரு துளியும் இல்லை. ஒரு மழை நாளில் தன் மழைக்கோட்டைக் கழற்றி அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி மாடியேறி வந்தாள். மறுநாள் சாப்பாட்டு டப்பா போனது. மூடியும் சேர்ந்து.

என் மனைவி பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். நாற்பது ஓட்டுநர்களை மேய்க்கிறவள். வீட்டிலும் கேட்பது என்ற பழக்கமே அவளுக்குக் கிடையாது, உத்தரவுதான். "நாளைக்கு சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வருவா. அதுக்குள்ள சரி பண்ணுங்க" என்றாள்.

சரி பண்ணினேன்.

எங்களிடம் சத்தம் புகாத அறை ஒன்று உண்டு. சுவர், கதவு எல்லாம் பஞ்சு வைத்தது. ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே குழந்தையை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டுவோம். வெளியே கருவியின் முன் உட்கார்ந்து நான் சத்தங்களை அனுப்புவேன். சத்தம் கேட்டதும் பெரியவர்களைப்போலக் கை தூக்கச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். சத்தம் கேட்டால் ஒரு மரக்கட்டையை எடுத்துக் கூடையில் போடவேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்கவேண்டும்.

போன் பேசுகிற மாதிரி படியோரம் நின்று அந்த அம்மாளின் குரலைப் பதிவு செய்தேன். "கண்ணு, பாத்து ஏதாவது குடுத்துட்டுப் போ கண்ணு." மாலையில் நோயாளிகள் போனபிறகு மகளை உள்ளே உட்காரவைத்து, 'கூ' என்று ஒரு சத்தம், பிறகு இந்தக் குரல், பிறகு ஒரு 'கூ' என்று கலந்து அனுப்பினேன். 'கூ'வுக்குக் கட்டை போடவேண்டும். குரலுக்குப் போடக்கூடாது, திரும்பக்கூடாது, முகம்கூட மாறக்கூடாது. சரியாகச் செய்தால் மிட்டாய். முதல் நாள் குரல் வந்ததும் அவள் கண் கலங்கியது. நான்காம் நாள் கால் மட்டும் ஆடியது. பத்தாம் நாள் சிலைபோல உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து கேட்டாள், "நடுநடுவுல ஏன்பா ஒண்ணுமே அனுப்பாம சும்மா இருந்தீங்க?"

எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு மிட்டாய் கொடுத்தேன். இப்போது அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

அடுத்த வாரம் படியிறங்கும்போது அந்த அம்மாள் ஒரு கையைப் படியில் ஊன்றி, மறு கையை நீட்டியிருந்தாள். என் மகள் ஊன்றியிருந்த விரல்கள்மேல் நேராகக் காலை வைத்து இறங்கினாள். ஷூ போட்ட கால். அந்த அம்மாள் கத்தவில்லை. கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்து நடக்கக் கூடாதா? அவங்க கையை மிதிச்சிட்ட" என்றேன்.

மகள் திரும்பி அந்த அம்மாள் இருந்த இடத்தை மேலும் கீழும் பார்த்தாள். "யாருப்பா? யாரும் இல்லையே" என்றாள். பிறகு ஷூவின் அடியைப் பார்த்துவிட்டு, "படிதான் ஒரு மாதிரி மெத்துன்னு இருந்துச்சு" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நாலு நாள் கழித்து வகுப்பு டீச்சர் போன் செய்யும்வரைக்கும் அந்தத் தேறுதல் போதுமானதாக இருந்தது.

"பாப்பாவுக்குக் காது கொஞ்சம் பாருங்க சார். தப்பா நினைக்காதீங்க, நீங்களே அந்த வேலைதான்னு தெரியும். பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளை ரப்பர் குடு குடுன்னு கேட்டு அழுதே போச்சு. இவ திரும்பவே இல்ல. ஏன்டி குடுக்கலன்னா, அவ இன்னைக்கு லீவு மிஸ்னு சொல்றா. அந்தப் பிள்ளை அங்கேயேதான் உக்காந்து அழுதுட்டு இருக்கு."

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். காது பார்க்கிறவன் பிள்ளைக்குக் காது மந்தமா? அன்று மாலையே அறைக்குள் உட்காரவைத்தேன். எல்லாச் சத்தமும் அவளுக்குக் கேட்டது, குண்டூசி விழுவது போன்ற சத்தம்கூட. அடுத்தது பேச்சுச் சோதனை. வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு மைக்கில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்லவேண்டும்.

"மேசை."

"மேசை."

"கதவு."

"கதவு."

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. அட்டையை இறக்கிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னேன், "அப்பாவுக்கு ஒரு கட்டை குடேன், கண்ணு."

பதில் இல்லை. என் குரல் போகிறது என்பதைக் கருவியின் முள் ஆடிக் காட்டியது. அவள் ஜன்னல் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். வெளிச்சத்தில், இரண்டு கை தூரத்தில், நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கண் என்மேல் பட்டு, என்னைத் தாண்டிப் பின்சுவருக்குப் போனது.

"அப்பா?" என்றாள் உள்ளேயிருந்த மைக்கில். "எங்க போயிட்டீங்க?"

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து கதவைத் திறந்தாள். அதற்குள் என்னைக் கண்டுவிட்டாள். "சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அரை மணி நேரம் பைத்தியக்காரன் மாதிரி சோதித்தேன். "கட்டையை எடு" என்றால் எடுத்தாள். "ஏன் எடுத்தே?" என்றால் பதில் சொன்னாள். குரலைத் தாழ்த்தி, வேண்டிக்கொள்கிற தொனியில் எதைச் சொன்னாலும் அவளுக்கு நான் இல்லை. சொல் முக்கியமில்லை, அந்தத் தொனிதான். அந்த அம்மாளின் ஒரு குரலைத் தள்ளப் பழக்கப்போய், உலகத்தில் கெஞ்சுகிறவர்கள் அத்தனை பேரையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன். டோக்கன் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். அந்த அம்மாள் வழக்கமான இடத்தில் இருந்தாள். இரண்டு விரல் இன்னும் வீங்கியிருந்தது. பர்ஸில் இருந்ததையெல்லாம் எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"குடுங்க, வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றாள். பதிவில் இல்லாமல் நேரில், பல மாதத்துக்குப் பிறகு அவள் குரல் எனக்குக் கேட்டது, நல்ல கனமான குரல். "என்ன விஷயம்?"

"இவளை ஒரு தடவை கூப்பிடுங்கம்மா. நீங்க கூப்பிட்டு இவ திரும்பணும். நான் பண்ணது தப்பு."

"நான் தினமும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள். இருந்தாலும் கூப்பிட்டாள். "கண்ணு. இங்க பாரு கண்ணு." அடிபட்ட கையை நீட்டி மகளின் கன்னத்தைக்கூடத் தொட்டாள். மகள் ஈயை ஓட்டுவதுபோலக் கன்னத்தைத் தட்டிவிட்டு, மருந்துக்கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனையோ முறை நானே சிரித்துச் சொன்ன பழமொழி அது.

நான் படியிலேயே மண்டியிட்டேன். "பாப்பா, அப்பா சொல்றதைக் கேளும்மா. இவங்களைப் பாரு. ஒரே ஒரு தடவை பாரும்மா. அப்பா கெஞ்சறேன்ல."

அவள் என் கையைப் பிடித்திருந்த தன் கையை, காலியான கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். விரல்களை விரித்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். உதடு துடித்தது. "அப்பா" என்று தெருப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன், "இங்கதான் இருக்கேன், என்னைப் பாரும்மா, ப்ளீஸ்" என்றேன். அவள் சட்டை கசங்கியது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டே தெருவை நோக்கி ஓரடி வைத்தாள். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"கெஞ்சாதீங்க சார்" என்றாள் அந்த அம்மாள். "கெஞ்சினா ஆள் தெரியாது. அதட்டுங்க. எனக்கு இது பழகிடுச்சு, உங்களுக்குத்தான் புதுசு."

அழுகையை விழுங்கிவிட்டு, "ஏய், அங்க எங்க போறே? வா இங்க" என்று கத்தினேன்.

மகள் திரும்பினாள். ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். டோக்கன் அக்கா சுவரோரம் ஒட்டி நின்றிருந்தார், முந்தானையை வாயில் வைத்தபடி. 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பெரிய டாக்டர்களிடம் போனோம். காதில் குறையில்லை என்றார்கள். அது எனக்குத் தெரியாதா? பதிவைத் தலைகீழாக வைத்துப் பழக்கிப் பார்த்தேன், குரலுக்கு மிட்டாய் என்று. இல்லாத குரலுக்கு எப்படிக் கட்டை போடுவாள்? என் மனைவி நம்பவில்லை. "சொன்னதைச் செய்யறா. ஒழுங்காத்தானே இருக்கா?" என்கிறாள். உண்மைதான், அவள் சொன்னதையெல்லாம் செய்கிறாள். நான் இப்போது படியில் நின்று அந்த அம்மாளிடம் தினமும் பேசுகிறேன். இருந்தால் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் இல்லையென்று சொல்கிறேன். மகள் பக்கத்தில் நின்று, "யார்கிட்டப்பா பேசறீங்க?" என்பாள். அந்த அம்மாள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

போன வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மதியம் கண் விழித்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள். "தண்ணி கொண்டா" என்று அதட்டத்தான் நினைத்தேன். காய்ச்சலில் குரல் குழைந்து, "தண்ணி... கொஞ்சம்மா" என்று வந்துவிட்டது.

வாசல்வரை வந்தவள் அப்படியே நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். "எழுந்து எங்க போனாங்க?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பொறுப்பான பெண். கிட்ட வந்து என்மேல் இருந்த போர்வையை உருவி, உதறி, நாலாக மடித்து வைத்தாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்ய வந்த கை என் கன்னத்தின்மேல் இரண்டு தட்டு தட்டியது. குளிரில் பல் கிடுகிடுக்க நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது காய்ச்சல்தான், போய்விடும். எழுபது வயதில் எந்தக் குரலில் அதட்டுவேன் என்று அந்த நிமிடத்தில் ஒரு பயம் வந்தது பாருங்கள், அதுபோல ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

மூன்றாவது தடவையில் குரல் கொஞ்சம் கெட்டியாக வந்தது. "ஏய். தண்ணி."

திடுக்கிட்டாள். "எப்பப்பா வந்தீங்க?" என்று ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "ரொம்ப சுடுது" என்று கவலைப்பட்டாள். போர்வையை மறுபடி போர்த்திவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்னும் ஒரு டம்ளர் வேண்டியிருந்தது. அதட்ட முடியாததால் பேசாமல் படுத்திருந்தேன்.