ஒரு விரக்கடை உயரம்

சூர்யகலாவுக்குப் பாட்டு வராது. பெற்ற பிள்ளைக்கே தாலாட்டைச் செல்போனில் போட்டுவிட்டுத் தூங்கவைத்தவள். அவள் கணக்கு டீச்சர். அப்படிப்பட்டவள் தலையில்தான் இசை மன்றத்தைக் கட்டிவிட்டார்கள். திண்டுக்கல்லில் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள்; அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

அவளுக்கு முன்னால் மன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜெரோம் சார். நல்ல மனிதர். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டால் டோலக்கை எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் ரிட்டயர் ஆகிற நேரம் பார்த்து ஒரு டோலக்கின் தோல் கிழிந்திருந்தது. தட்டுகிற சாமான் கிழியத்தானே செய்யும்? ஆனால் அந்த ஒரு கிழிசலுக்கு விளக்கம் எழுதி எழுதியே அவருடைய பென்ஷன் பேப்பர் மூன்று மாதம் நகராமல் கிடந்தது. பீரோச் சாவியை ஒப்படைக்கும்போது அவர் சூர்யகலாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"புதுசா கீபோர்டு வந்திருக்கும்மா. தொறக்காதீங்க. தொறந்தா வம்பு."

அவள் திறக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை திறந்தாள். புதன்கிழமை கடைசிப் பீரியடில் இசை மன்றம் நடந்ததாகப் படம் எடுத்து மேலே அனுப்பியாக வேண்டும். கொஞ்ச நாளில் படம் போதாது, முப்பது விநாடி வீடியோ வேண்டும் என்றார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பீரோவில் தொங்கும் மாங்காய்ப் பூட்டைத் திறப்பாள். கீபோர்டை மேசைமேல் வைப்பாள். டோலக்குகளை இரண்டு பிள்ளைகள் மடியில் வைப்பாள். மேசைக்கு அடியில், கேமராவில் விழாத இடத்தில், ப்ளூடூத் ஸ்பீக்கர் பாடும். வீடியோ முடிந்ததும் எல்லாம் பழையபடி பீரோவுக்குள் போய்விடும். கீபோர்டு வந்தபோது கட்டைகள்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் உரிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு அவள் நடத்தியது ஒரே ஒரு பாடம்தான். "கை கட்டையில படக் கூடாது. ஒரு விரக்கடை மேல நிக்கணும். வீடியோவுல பட்ட மாதிரித்தான் தெரியும்." தன் ஆள்காட்டி விரலைப் படுக்கைவாட்டில் கட்டைமேல் வைத்து, அந்த ஒரு விரல் உயரம் எவ்வளவு என்று அளந்தும் காட்டினாள்.

இந்தப் பாடத்தை எல்லாரையும்விட நன்றாகப் படித்தவள் பாஸிலா. ஆறாம் வகுப்பில் மன்றத்தில் சேர்ந்தவள், இப்போது எட்டாம் வகுப்பு. ஸ்பீக்கரில் பாட்டு மேலே போனால் அவள் விரல்கள் வலப்பக்கம் ஓடும். கீழே இறங்கினால் இடப்பக்கம் வரும். முகத்தில் அளவான சிரிப்பு வேறு. ஹெச்.எம். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "நெசமாவே வாசிக்கிற மாதிரி இருக்கேம்மா" என்று பாராட்டினார். அவருக்கு எல்லாம் தெரியும். எதுவும் தெரியாதவர்போல இருக்கவும் தெரியும்.

சாமான்களைப் பீரோவில் வைக்கிற நேரத்தில் பாஸிலா பின்னாலேயே வந்து நிற்பாள்.

"டீச்சர், ஒரே ஒருக்கா ஆன் பண்ணிப் பாக்கவா?"

"அடுத்த வாரம் பாப்போம்டா."

"ஒரு கட்டை மட்டும் டீச்சர்."

"ஒடஞ்சு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அடுத்த வாரம்."

இரண்டு வருஷமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஒருநாள் பாஸிலா, "வீட்டுல கேட்டா என்ன சொல்ல டீச்சர்?" என்று கேட்டாள். சூர்யகலா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "புதன்கிழமை புதன்கிழமை பழகுறோம்னு சொல்லு" என்றாள். அது எவ்வளவு சுலபமாகத் தன் வாயில் வந்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

மேலே அனுப்புகிற வீடியோவைப் பெற்றோர் குரூப்பிலும் போடுவது வழக்கம். அதில்தான் வந்தது வினை. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பாஸிலாவின் அப்பா அப்துல் ஹக்கீம் போன் பண்ணினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பிரியாணி மாஸ்டர் அவர். பின்னால் அண்டாவைக் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது.

"டீச்சர், பாஸிலா அத்தா பேசுறேன். புதன்கிழமை நானும் எங்க அண்ணனும் அங்க வாரோம். செத்த நேரம் பிள்ளை வாசிக்கிறதக் கேட்டுட்டுப் போயிருவோம்."

"எதுக்கு பாய் கடைய விட்டுட்டு அலையுறீங்க? அதான் வீடியோ போடுறோமே" என்று சூர்யகலா இழுத்தாள்.

"அதில்ல டீச்சர். படிக்கிற பிள்ளைக்குப் பாட்டுப்பொட்டி எதுக்குடான்னு அண்ணன் சத்தம் போட்டுச்சு. நான் விட்டுக் குடுக்கல. ஸ்கூல்ல டீச்சர் இம்புட்டு மெனக்கெட்டுச் சொல்லிக் குடுக்குறாங்க, நீ யாரு தடுக்கன்னு கேட்டுட்டேன். கேக்கலாமா? அத்தா இல்லாத எங்கள வளத்து ஆளாக்குனது அதுதான். மூணு மாசமாப் பேச்சுவார்த்தை இல்ல." அவர் குரல் கொஞ்சம் தழைந்து மறுபடி எழுந்தது. "போன வார வீடியோவ எப்படியோ பாத்திருக்கு. நேத்து அதுவா வீட்டுக்கு வந்து, நேர்ல ஒருக்கா கேக்கணும்டாங்குது. காதால கேட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும் டீச்சர். மேற்கொண்டு ஒரு பாட்டு மாஸ்டர் வச்சுச் சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. போனில் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சூர்யகலா மென்று விழுங்கிவிட்டு, "வாங்க பாய்" என்றாள். முப்பது விநாடி ஏமாற்றத் தெரிந்தவளுக்கு மூன்று நிமிஷம் ஏமாற்ற முடியாதா என்றுதான் அவள் கணக்குப் போட்டாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஹெச்.எம்.மும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹக்கீம் கையில் பெரிய தூக்குவாளி. "சீரகச் சம்பா டீச்சர். கடைச் சோறு இல்ல, உங்களுக்குன்னே மத்தியானம் தனியாப் போட்டது. எல்லா டீச்சருக்கும் வரும்" என்று மேசை ஓரமாக வைத்தார். அண்ணன் முகமது பாரூக் தோல் மண்டிக்காரர். பேச்சு குறைவு. நாற்காலியில் உட்கார்ந்ததும் செல்போனைச் சைலண்டில் போட்டார், கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பெரிய கச்சேரிக்கு வந்தவர்போல இருந்தார்.

பாஸிலா பக்கத்தில் வந்து, "வழக்கம்போலத்தானே டீச்சர்?" என்று காதோடு கேட்டாள். சூர்யகலா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "தாளத்துக்குத் துணையா ஸ்பீக்கர் ஒண்ணு ஓடும்" என்று பூசி மெழுகினாள்.

பாட்டு ஆரம்பித்தது. பாஸிலாவின் விரல்கள் ஓடின, திரும்பின, நின்று நின்று போயின. அன்றைக்குப் போல் அவள் என்றைக்கும் செய்ததில்லை. ஹக்கீமின் கண் கலங்கிவிட்டது. முழங்காலால் அண்ணனை மெல்ல இடித்தார். பாரூக் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு கையை லேசாகத் தூக்கினார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அந்த ஸ்பீக்கரச் செத்த நிப்பாட்டுங்க. பிள்ளை வாசிக்கிறது தனியாக் கேக்கல."

அதில் சூதுவாது எதுவும் இல்லை. கேட்க வந்தவர் கேட்கிற கேள்விதான். ஹெச்.எம்.முக்குத் திடீரென்று வராந்தாவில் யாரோ கூப்பிடுவது கேட்டது; எழுந்து போய்விட்டார். சூர்யகலா செல்போனில் பாட்டை நிறுத்தினாள்.

சத்தமில்லாமல் பாஸிலாவின் விரல்கள் இன்னும் இரண்டு விநாடி ஓடின. பிறகு நின்றன. சிரிப்பு மட்டும் எடுக்க மறந்த மாதிரி முகத்திலேயே இருந்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"வாசிம்மா" என்றார் ஹக்கீம்.

"மறந்துருச்சு அத்தா."

"இப்பத்தானே வாசிச்ச?"

"நான் சரியாப் பழகல அத்தா. டீச்சர் சொல்லித்தான் குடுத்தாங்க. நான்தான் பழகல."

இந்தப் பொய்யை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்னைக் காப்பாற்றுகிறது என்று சூர்யகலாவுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

ஹக்கீம் எழுந்து வந்தார். அண்ணனை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்றார். "ரெண்டு வருஷமா இம்புட்டுப் பாடுபட்டிருக்கீங்க. எம் பிள்ளை உங்களத் தலைகுனிய வச்சிருச்சு. வீட்டுல போயி நான் கண்டிக்கிறேன்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கண்டிக்காதீங்க பாய்" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. "அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கே தெரியாது. இத ஒருநாளும் ஆன் பண்ணுனதே இல்ல. வீடியோவுல வர்றது அம்புட்டும் ஸ்பீக்கர் சத்தம்."

ஹக்கீமுக்கு உடனே பிடிபடவில்லை. "புதன்கிழமை பழகுறோம்னு சொல்லுமே பிள்ளை" என்றார்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அவர் குனிந்து ஒரு கட்டைமேல் விரலை வைத்தார். பிளாஸ்டிக் தாள் சரசரத்தது. விரலை எடுத்துக்கொண்டார். அவர் கத்துவார், ஹெச்.எம்.மிடம் போவார், நாலு பேரைக் கூட்டுவார் என்று சூர்யகலா காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

பாரூக்தான் எழுந்தார். "பொட்டி வேண்டாம்னு நான்தான் சண்டை போட்டேன் டீச்சர்" என்றார் நிதானமாக. "ஸ்கூல்ல தப்பா எதுவும் சொல்லிக் குடுக்க மாட்டாங்கன்னு இவன்தான் உங்களுக்காகப் பேசுனான்." பிறகு தம்பியின் தோளில் கைபோட்டு, "வாடா" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி சேர்ந்தது அப்படித்தான்.

வாசலில் ஹக்கீம் நின்று திரும்பினார். அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "ஆறிப் போறதுக்குள்ள எல்லாரும் சாப்பிடுங்க டீச்சர். நாங்க கேட்டுல நிக்கிறோம். மணி அடிச்சதும் பிள்ளைய அனுப்புங்க."

அறையில் அவளும் பாஸிலாவும்தான் மிச்சம். மற்ற பிள்ளைகளை அவள் அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். சூர்யகலா கீபோர்டின் தாளை ஓரத்தில் நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்தாள். பெட்டியின் அடியில் கட்டு அவிழ்க்காமல் கிடந்த வயரை எடுத்துச் சுவரில் செருகினாள். சுவிட்சைப் போட்டதும் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு வருஷத்தில் அப்போதுதான் முதல் தடவை.

"உக்காருடா. ஆன்ல இருக்கு. அமுக்கு."

பாஸிலா உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள், இரண்டு கையையும் நீட்டினாள். விரல்கள் கட்டைகளுக்கு மேலே வந்து நின்றன.

"அமுக்கு. ஒடஞ்சா ஒடையட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

விரல்கள் கீழே இறங்கவில்லை. இன்னொரு தடவை கையைப் பின்னுக்கு இழுத்து மறுபடி நீட்டினாள். மறுபடியும் அதே உயரத்தில் வந்து நின்றது.

"கை போக மாட்டேங்குது டீச்சர்" என்றாள் பாஸிலா. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சூர்யகலா அந்தக் கையைப் பிடித்து அமுக்கப் போனாள். அதற்குத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றி, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மணி அடித்தது. கேட்டில் இரண்டு பேர் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. மேசை ஓரத்தில் தூக்குவாளி இன்னும் சூடாக இருந்தது. பாஸிலாவின் விரல்கள் கட்டைமேல் படாமல், ஒரு விரக்கடை கூடாமல் குறையாமல், அங்கேயே நின்றன. இரண்டு வருஷத்தில் சூர்யகலா நடத்திய பாடம் அது ஒன்றுதான். அதைப் பிள்ளை மறக்கவே இல்லை.