தண்ணீர் குரூப்பில் விழுந்த கதை

நான் கதை எழுதுகிறவள் என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் என் வலைப்பூவையே மூடி வைத்தேன். கோவில்பதாகையில் வாடகை வீட்டில் இருந்தவரை பயமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் பார்த்தசாரதிக்கு ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் கிடைத்தது, வந்தது வினை. இங்கே ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் 'நூறு' என்கிறார்கள். கதையில் ஒருத்தி சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டாள் என்று எழுதினால் போதும், நாலு வீட்டுக்காரிகள் அது தாங்கள்தான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் மாடிப்படியில் எப்படி ஏறி இறங்குவது? சீ, எழுத்தே வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

எழுதாமல் இருந்ததில் நிம்மதி வந்ததா என்றால், இல்லை. எரிச்சல்தான் வந்தது. குக்கர் விசில் அடித்தால் எரிச்சல், அடிக்காவிட்டாலும் எரிச்சல். போன பொங்கல் லீவில் பார்த்தசாரதியே கேட்டுவிட்டார்.

"உனக்கு இன்னாதான் ஆச்சி? எதுக்கெடுத்தாலும் சீறிகினே கீற!"

"எழுதணும்" என்றேன்.

"எய்தேன். யாரு கைய புடிச்சிகினாங்க?"

இந்த மனுஷனுக்கு ஒரு விஷயத்தை விளக்குவதற்குள் பால் பொங்கிவிடும். நான் விளக்கவில்லை.

பாஸ்வேர்டைத் தேடிப் பிடித்து வலைப்பூவைத் திறந்தேன். அனுசுயா என்ற என் பெயர் அதில் எங்கேயும் கிடையாது, 'ஓரத்து வீடு' என்ற புனைபெயர்தான். முதல் பதிவாகச் சபதங்களைப் போட்டேன். மாதம் ஒரு கதை எழுத வேண்டும். கடைசிப் பாராவில் யாரும் கட்டிப்பிடித்து அழக் கூடாது. எத்தனை பேர் படித்தார்கள் என்று எட்டிப் பார்க்கக் கூடாது. போட்டு முடித்ததும் அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கு ரசம்கூட நன்றாக வந்தது.

கதையை நான் தாளில் எழுதுவதில்லை. என்னை மட்டும் வைத்து வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கி, அதற்குள் பாரா பாராவாக அனுப்பிவிடுவேன். அடுப்படியில் ஒரு பாரா, பூந்தமல்லி பஸ்ஸில் ஒரு பாரா. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்ப்பேன். இந்தப் பழக்கம்தான் காலை வாரிவிட்டது.

எங்கள் கட்டடத்தில் மாதத்துக்கு ஒரு வீட்டுக்குத் 'தண்ணி முறை' வரும். முறை வந்த வீடுதான் மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்ப வேண்டும். தண்ணீர் வரும், வராது என்பதைக் கட்டடத்தின் குரூப்பில் போட வேண்டும். அந்த மாதம் எங்கள் முறை. மற்றவர்கள் 'தண்ணி லேட்' என்று போடுவார்கள். நான் 'இன்று மாலை தண்ணீர் சற்றுத் தாமதமாக வரும்' என்று போடுவேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும். அனுசுயா நியூஸ் வாசிக்கிறாள் என்று கிண்டல் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி வேகிற நேரத்தில் புதுக் கதையின் தொடக்கத்தை மளமளவென்று அடித்து அனுப்பினேன். 'இனிமேல் தொட்டியில் தண்ணீர் ஏறாது. இருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.' எல்லோரும் காலி செய்துபோன கட்டடத்தில் தனியாக இருக்கும் ஒருத்தியின் கதை அது. நல்ல ஆரம்பம் என்று எனக்கே ஒரு பெருமை. போனை சார்ஜில் போட்டுவிட்டுச் சட்னி அரைக்கப் போனேன்.

மிக்ஸியை நிறுத்தியதும்தான் சத்தம் கேட்டது. மேலே குடம் உருள்கிறது, கீழே பக்கெட் இழுபடுகிறது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு பேபி அக்கா அண்டா, குண்டான் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இட்லிப் பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவர், மெதுவாகப் பேசத் தெரியாது.

"இன்னாக்கா, தண்ணி வராதா?"

"இனிமே வரவே வராதாம்! நின்னுகினு கீறியே, போய் புடி!"

அவ்வளவுதான், நானும் ஓடினேன். டிரம்மை நிரப்பினேன், தவலையை நிரப்பினேன், டிஃபன் கேரியரைத் திறந்து வைத்தபோது குழாய் புஸ்ஸென்று காற்று விட்டு நின்றது. தொட்டி காலி.

"முறை நம்ளுது. நமக்கே தெரியாம எவன் சொன்னான்?" என்றார் பார்த்தசாரதி.

எனக்குச் சுருக்கென்றது. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐயோ! என் கதை, கட்டடத்தின் குரூப்பில், எல்லோரும் படித்த நீல டிக்கோடு இருந்தது.

பார்த்தசாரதியும் வாங்கிப் பார்த்தார். "போனை எவனோ ஹேக் பண்ட்டான்னு சொல்லிடு. மேட்டர் ஓவர்" என்றார்.

அதற்குள் கதவைத் தட்டினார்கள். எங்கள் கட்டடத்தின் செயலாளர் குணசேகரன் சார் இடுப்பில் துண்டோடு நின்றார், காதோரம் சோப்பு நுரை. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பின்னால் படிக்கட்டு நிறைய ஆட்கள்.

"என்னம்மா இது? குளிச்சுக்கிட்டு இருக்கேன், பாதியில நிக்குது. ஃபேக்டரிக்குப் போன் போட்டுக் கேட்டா அப்படி ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. உங்களுக்கு யாரு சொன்னா?"

பார்த்தசாரதி 'ஹே' என்று வாயைத் திறந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இப்போது பொய் சொன்னால் அந்தக் கதையைத் தூக்கிப் போட வேண்டும், வலைப்பூவையும் மறுபடி மூட வேண்டும். இன்னொரு தடவை திறக்கிற தெம்பு எனக்கு இல்லை. எனக்குத் தெரியும்.

"அது நோட்டீஸ் இல்ல சார். கதை. நான் எழுதுற கதை. குரூப் மாத்தி அனுப்பிட்டேன்."

"அடிப்பாவி!" என்றார் பேபி அக்கா. "நான் இட்லிப் பானையில கூட புடிச்சி வெச்சிகீறேன்டி!"

யாரோ சிரித்தார்கள். குணசேகரன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "கதையா? இதுக்கு முன்னாடியும் எழுதியிருக்கீங்களா? எங்க இருக்கு, அனுப்புங்க" என்றார்.

வலைப்பூவின் லிங்கை அதே குரூப்பில் போட்டேன். பார்த்தசாரதி மோட்டார் போடப் போனார். தொட்டி நிரம்பும்வரை வீட்டில் யாருக்கும் வேலை ஓடாது. எல்லோரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து போனில் என் கதைகளைப் படித்தார்கள். சார் சுவரில் சாய்ந்துகொண்டு, சோப்பு காய்ந்துபோன காதோடு படித்தார். நான் வாசற்படியில் நின்றேன். இதோ, இப்போது ஒருத்தி எழுந்து 'இது நான்தானே?' என்று கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

பேபி அக்காதான் முதலில் தலையைத் தூக்கினார். முகம் சுருங்கியிருந்தது.

"இன்னாடி இது அனுசுயா? இம்மா கதை எய்திகீற. எதுலயும் நான் இல்லியே?"

"அக்கா?"

"எதுத்த ஊட்லதானே கீறேன்? தெனம் உன் மூஞ்சிலதானே முயிக்கிறேன்? என்னப் பத்தி எய்த உனக்கு ஒண்ணுமே கெடைக்கலியா?"

"நானும் தேடிப் பாத்துட்டேன்" என்றார் குணசேகரன் சார். "கோவில்பதாகைக்காரங்கதான் இருக்காங்க. நம்ம கட்டடத்து ஆள் ஒருத்தரும் வரலையேம்மா." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. எதற்கு நான் இத்தனை காலம் பயந்து செத்தேன், இவர்கள் எதற்குக் கோபித்துக்கொள்கிறார்கள்! அவ்வளவு லேசாக நான் இருந்து எத்தனையோ நாளாயிற்று.

மத்தியானம் சாப்பிட்டதும் பேபி அக்கா வந்து என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "அந்தத் தனியா கீறவ யாரு? அவளத் தூக்கிட்டு என்னப் போடு. பேரு பேபின்னே போடு. மாத்தினீனா பேச மாட்டேன்."

போட்டேன். கதைக்கு மேலே, எழுதியவர் அனுசுயா என்றும் போட்டேன்.