பன்னிரண்டு முறை

குழந்தைகளின் இரவு உடைகள் கப்பலேற இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மொத்தம் ஐந்தாயிரம் உடைகள். மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான் துணி தொட்டால் மெத்தென்றிருக்கும், தீ பட்டால் காகிதம்போலப் பற்றிக்கொள்ளும். அதனால் தீயைத் தடுக்க ஒரு பூச்சு கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு முறை துவைத்த பிறகும் அந்தப் பூச்சு நிற்கிறதா என்று பார்ப்பது சோதனைக்கூடத்தில் என் வேலை. போன வாரமே ‘தேறியது’ என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இன்று காலை உறுத்தல் தாங்காமல், மீந்த துண்டு ஒன்றை ஒரே ஒரு முறை துவைத்துக் காயவைத்து ஓரத்தில் தீ வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் தீ இடுக்கி வரை ஏறிவிட்டது.

மேற்பார்வையாளர் அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? அது துணிடி, பாம்பு இல்ல.”

“அக்கா, ஒரு விஷயம்...”

“சீக்கிரம் சொல்லித் தொலை. கீழ லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே என் உயிர வாங்குறான்.”

சொன்னால் வேலை போய்விடும். ஜன்னலுக்குக் கீழே முதல் பெட்டியைத் தூக்கினார்கள். அதன்மேல் ‘2 வயது’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

“அன்னைக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர், அக்கா. நான் ஒரு தடவகூடத் துவைக்காமலேயே பன்னெண்டுன்னு எழுதிட்டேன்.”