நான்காவது விரல்

மாவட்ட அலுவலகத்துக்குப் போன மனு பத்தாம் நாள் திரும்பி வந்தது. மூலையில் ஒரு முத்திரை, அதன் கீழே ஊதா மையில் இரண்டு வரி: 'இப்படி ஒரு முராப் பதிவேட்டில் இல்லை. இப்படி ஒரு பண்ணையும் இல்லை.'

சாய்ராகுல் அதை மூன்று தரம் படித்தாள். அவள் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. 'கருங்குதிரைக்காரர் எங்கள் நான்காம் மதகைப் பூட்டி வைத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தாள். பண்ணையின் பெயர் கேட்ட இடத்தில் 'எங்கள் பெரியவர் பண்ணை' என்று போட்டிருந்தாள். ஊரில் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், பெரியவர் என்றால் அவளுடைய செத்துப்போன மாமனார், கருங்குதிரைக்காரர் என்றால் அவளுடைய மூத்தார், வாய்க்காலுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறக்கிற முராப் என்று. கல்யாணமாகி வந்த பெண் இந்த இரண்டு பேர் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. பதினாலு வருஷமாக அந்த மரியாதைக்குப் பழகிய வாய். மனு எழுத உட்கார்ந்தபோது கையும் வாயின் பேச்சைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அந்த மூத்தாரின் பெயரைச் சொல்ல எனக்கும் அவசரமில்லை. பாடு அவளுடையது, அவளே சொல்லட்டும்.

"அடியே, நீ மனு எழுதினியா, விடுகதை போட்டியா?" என்றாள் கலிபா. பக்கத்து வாய்க்கால்காரி, நகரத்தில் நடந்த பண்ணைப் பயிற்சிக்கு இவளோடு கூட வந்தவள். "கருங்குதிரைக்காரராம்! மாவட்டத்துல குதிரைக்கா சம்மன் அனுப்புவான்?"

சாய்ராகுலுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி எழுதி அனுப்பினால் இன்னொரு பத்து நாள். ராஜ்மா பூத்து நிற்கிறது. பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. அன்று காலை செடிக்கடியில் குனிந்து பார்த்தபோது வெள்ளைப் பூக்கள் மண்ணில் உதிர்ந்து கிடந்தன. உதிர்ந்த பூ காயாகப் போவதில்லை. மிச்சப் பூவும் இன்னும் மூன்று நாள் தாங்கினால் பெரிது. இந்த விளைச்சலும் போனால், புருஷன் மெதேர் போன வழியில் அவளும் ரஷ்யாவுக்கு, நோவோசிபிர்ஸ்க்குக்கு பஸ் ஏற வேண்டியதுதான். வயல், மேலே இருக்கிற மீன்குளத்துக்காரரிடம் போய்விடும். கடைமடையில் ஏற்கெனவே இரண்டு வயல் அப்படித்தான் போனது. தண்ணீர் வராமல் காயப்போட்டான், பிறகு குத்தகைக்குக் கேட்டான்.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒன்றுதான். பூக்கும் பருவத்துக்கான தண்ணீர் முறையை மாவட்ட அதிகாரி நேரில் வந்து அங்கேதான் தீர்மானிப்பார். எழுந்து மைக்கில் வாயால் சொல்கிற புகார் அங்கேயே பதிவாகும்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். தலாஸ் நகரத்தில் சிறு பண்ணைக்காரர்களுக்காக நான்கு நாள் பயிற்சி நடந்தது. தண்ணீர் அளக்க முக்கோணமாக வெட்டிய தகரத் தகடு ஒன்று, குறித்துக்கொள்ள ஒரு நோட்டு, சட்டம் அச்சடித்த சின்னப் புத்தகம் எல்லாம் கொடுத்தார்கள். கடைசி நாள், பேசக் கற்றுக்கொடுத்த சினாரா கையை விரித்துக் காட்டினாள். "கட்டை விரல், நான் யாரு. ரெண்டாவது, என் பண்ணை எது. மூணாவது, என்ன நடந்துச்சு. நாலாவது, யாரு செஞ்சாங்க. சுண்டு விரல், எனக்கு என்ன வேணும். ஒவ்வொண்ணா மடிச்சுட்டே வாங்க. நாலாவது விரலை மட்டும் யாரும் தாண்டிடாதீங்க. பேர் இல்லாத புகாருக்குப் பதில் சொல்ல ஆளே இருக்க மாட்டான்." அங்கே எல்லோரும் இல்லாத ஊரையும் இல்லாத ஆளையும் வைத்துப் பேசிப் பழகினார்கள். சாய்ராகுல் பிரமாதமாகப் பேசினாள், கைகூடத் தட்டினார்கள். இல்லாத ஆளிடம் யாருக்குத்தான் பயம்?

வியாழக்கிழமை சாயங்காலம் மூத்தார் வந்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை. சாய்ராகுல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது குதிரையின் முன்கால்கள் மட்டும்.

"கெலின், நாளைக்குக் கூட்டத்துக்குப் போறியாமே."

மருமகளை அந்த வீட்டில் கெலின் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போ. பொம்பளைங்களுக்குப் பின்னாடி பெஞ்சு போட்டிருக்கும். உக்காந்து கேட்டுட்டு வா. வேற எதுவும் வேணாம். நெலப் பத்திரம் இன்னும் எங்கப்பா பேர்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கில்ல? அதுக்கு மூத்த மகன் யாருன்னா..."

அப்போது சாலையில் மீன்குளத்துக்காரரின் வெள்ளை ஜீப் போயிற்று. மூத்தார் பாதிப் பேச்சில் நிறுத்திக் கல்பாக் தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டார். ஜீப் நிற்காமல் போனது. அவரும் விட்ட பேச்சைத் தொடரவில்லை, குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பெரிய மனுஷர் சிநேகம் இருக்கிற திமிர் என்று சாய்ராகுல் நினைத்தாள்.

மெதேர் போனில் கத்தினான். "பேரைச் சொல்லி அண்ணனைச் சபையில நிறுத்தப் போறியா? குளிர் காலத்துல உனக்கு நிலக்கரி எறக்கித் தர்றது யாரு? நீ அதைச் செஞ்சேன்னா நான் ஊருக்கே வரல, இங்கயே கெடக்கறேன்."

"பூ கொட்டுதுங்க," என்றாள்.

"கொட்டட்டும்."

காலையில் ஊர்க் கலாசார மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் கல்பாக்குகள். மேடையில் கண்ணாடி போட்ட மாவட்ட அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்க ஒரு பெண். மூத்தார் முதல் பெஞ்சில். மீன்குளத்துக்காரர் ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைத் தரையில் துப்பிக்கொண்டிருந்தார். அவரை அங்கே துப்பாதே என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது. அவர் பெயரும் எல்லோருக்கும் தெரியும், சொல்பவர் யாருமில்லை. பெண்களாவது மரியாதைக்குப் பெயரை விழுங்குகிறார்கள். இந்த ஆம்பளைகள் எதற்கு விழுங்குகிறார்களாம்?

சாய்ராகுலுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கலிபா பையிலிருந்து ஒரு காய்ந்த தயிர் உருண்டையை எடுத்து அவள் வாயில் திணித்தாள். "உப்பா இருக்கும், சப்பு. எச்சில் ஊறும். பேச எந்திரிக்கறப்ப முழுங்கிடு, மேடையில துப்பி வைக்காதே."

"கலிபா, வீட்டுக்குப் போயிரலாமா?"

"போலாமே. போய் பெட்டியைக் கட்டு. ரஷ்யாவுல கக்கூஸ் கழுவுற வேலை காத்துக்கெடக்கு."

"நாலாம் மதகு!" என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்தாள். மைக் வரை இருபது அடி இருக்கும். நடந்தது ஞாபகம் இல்லை, போய் நின்றது மட்டும் ஞாபகம். தயிர் உருண்டையை அப்படியே விழுங்கினாள், நெஞ்சில் இறங்க மறுத்தது.

"பேர்?"

"சாய்ராகுல்." கட்டை விரலை மடித்தாள்.

"பண்ணை பேர்?"

இரண்டாவது விரல் மடங்கவில்லை. "நாலாம் மதகு... கடைமடைல..."

"மதகு நம்பர் என்கிட்ட இருக்கும்மா. பதிவுல பண்ணை எந்தப் பேர்ல இருக்கு?"

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மூத்தார் எழுந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில், அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"ஐயா, இது எங்க வீட்டு மருமக. நல்ல எடத்துல வளர்ந்த பொண்ணு, பெரியவங்க பேரை வாயில வைக்காது. உங்களுக்கு வந்த மனுவுலயும் பேர் இல்ல, இப்பவும் இல்ல. பேர் இல்லன்னா புகாரும் இல்லதானே? அடுத்த ஆளைக் கூப்பிடுங்க, மத்தவங்க காத்துட்டிருக்காங்க."

"பொண்ணுன்னா இப்படி இருக்கணும்," என்றது ஒரு குரல்.

அதிகாரி தாளைப் புரட்டினார்.

ஒரு தாள் புரளுகிற நேரம்தான் அவளுக்கு இருந்தது. அந்தத் தாளோடு தன் வயலும் புரண்டு போவதை சாய்ராகுல் பார்த்தாள். பதினாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த மரியாதையை எடுத்து இந்த மனுஷர் தன் மதகுக்கே பூட்டாகப் போட்டுக்கொண்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயம் போகவில்லை. பயத்துக்குள்ளிருந்தே வாய் திறந்தது.

"சாரிம்பெக் குடும்பப் பண்ணை," என்றாள்.

சிரிப்பு நின்றது. பெண்கள் பெஞ்சில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

மூன்றாவது விரல். "பதிமூணு நாளா எங்க மதகுல தண்ணி இல்ல. தகடு வச்சு அளந்து தினமும் நோட்டுல எழுதியிருக்கேன்."

நான்காவது விரல். அதை மடிக்க அவளுக்கு மறு கையும் வேண்டியிருந்தது. "பூட்டினவர் துருஸ்பெக். சாரிம்பெக் மகன் துருஸ்பெக்."

மூத்தார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க முறையை எங்களுக்குத் திருப்பிக் குடுங்க," என்று சொல்லிச் சுண்டு விரலையும் மடித்தாள். அழுகை வந்துவிட்டது, அதையும் மைக் எடுத்துக்கொண்டது.

அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு மூத்தாரைப் பார்த்தார். "துருஸ்பெக், பதிமூணு நாள் தண்ணி எங்க போச்சு? யார் சொல்லிப் பூட்டினீங்க?"

மூத்தாரின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. விதை கொறிக்கிற சத்தம் நின்றிருந்தது. "யாரும் சொல்லல," என்றார். "நானாத்தான் பூட்டினேன்."

மதியம் இரண்டு மணிக்கு நான்காம் மதகைத் திறக்க வேண்டும், பத்து மணி நேரம் பாய வேண்டும் என்று உத்தரவாயிற்று.

மதகடிக்கு அவர் முன்னாலேயே வந்திருந்தார். குதிரை நெட்டிலிங்க மரத்தில் கட்டியிருந்தது. கலிபாவை வரப்பிலேயே நிற்கச் சொல்லிவிட்டு சாய்ராகுல் மண்வெட்டியோடு இறங்கினாள். அடிப்பாரோ என்றுகூடத் தோன்றியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்து, இரும்புக் கைப்பிடியைச் சக்கரத்தில் மாட்டிச் சுற்றினார். பலகை மேலே ஏறியது. கலங்கல் தண்ணீர் அவள் வாய்க்காலில் இறங்கி ஓடியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ அவர் அடுத்து என்ன செய்வாரோ என்றிருந்தது.

"நீ சொன்னது சொன்னதுதான்," என்றார் தண்ணீரைப் பார்த்தபடி. "சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம், மூத்தவரே."

"அந்த அதிகாரி கேட்டாரில்ல, யார் சொல்லின்னு. எனக்கு வாய் வரல. அம்பத்தஞ்சு வயசு ஆம்பளை."

கைப்பிடியில் இருந்த அவர் கை நடுங்குவதை அப்போதுதான் அவள் பார்த்தாள். இத்தனை நாள் யாருக்குப் பயந்து செத்தாளோ, அந்த மனுஷரே பயத்தில் நிற்கிறார். அதைப் பார்த்தபோது அவளுக்கு இன்னும் திக்கென்றது.

மேலே பாலத்தில் வெள்ளை ஜீப் வந்து நின்றது. மீன்குளத்துக்காரர் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

"டேய் துருஸ்பெக்! மூடுடா அதை! என் குளத்துல மீன் செத்து மிதக்கட்டும்னு பாக்கறியா?"

பதினாலு வருஷம் அவள் நாக்கில்கூடப் படாமல் காத்த பெயர். அவன் நாயைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். மூத்தார் சக்கரத்தின் மேல் கை வைத்தார். மூடிவிடுவார் என்றே சாய்ராகுல் நினைத்தாள்.

"கெலின்," என்றார் மெதுவாக. "காலையில விரலை மடிச்சு மடிச்சுப் பேசினியே. நாலாவது விரல் என்னது?"

"பேரு, மூத்தவரே. செஞ்சவங்க பேரைச் சொல்லணும்."

"அதிகாரி கெளம்பிட்டாரா?"

"இன்னும் இல்ல. மண்டபத்துல சாப்பிட்டுட்டிருக்கார்."

அவர் கைப்பிடியைச் சக்கரத்திலிருந்து உருவி அவள் கையில் கொடுத்தார். அது இல்லாமல் யாராலும் மதகை மூட முடியாது. பிறகு குதிரையை அவிழ்த்து ஏறினார். பாலத்துப் பக்கம் திரும்பவில்லை. ஊர்ப் பக்கம் திருப்பினார், குதிகாலால் விலாவில் தட்டினார்.

மீன்குளத்துக்காரருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சரிவில் சரசரவென்று இறங்கினார். வரப்பிலிருந்து கலிபா, "சாய்ரா! சாய்ரா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். ஆனால் அவள் வெகு தூரத்தில் இருந்தாள்.

அவர் வந்து கையை நீட்டினார். "குடு இங்க."

சாய்ராகுல் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறு கையால் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பதின்மூன்று நாள் தண்ணீர்க் கணக்குக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. கைப்பிடியைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க," என்றாள். "எழுதிக்கறேன்."