பேட்டரி ஒயரைக் கழற்றும் சோதனை

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு முடிச்சூர் ரோடு ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் இருந்தார்கள். முதலாளி சுகுமார், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில். பைக்கின் சொந்தக்காரர் அப்பாதுரை, மனை புரோக்கர். பக்கத்துப் பஞ்சர் கடைக் கிட்டு, சுகுமாரின் வாடகைக்காரன். அப்புறம் அஸ்கர், தரையில் குந்தி மீட்டர் ஊசிகளைப் பேட்டரியில் வைத்திருந்தவன். கையில் அழுக்கிருந்தது அவனுக்கு மட்டும்தான்.

வண்டிக்குப் பன்னிரண்டு வயது. பொங்கலுக்குப் பிறகு மூன்று பேட்டரி தின்றிருந்தது. மூன்றையும் விற்றது சுகுமார். நாலாவதும் அட்டைப்பெட்டியோடு மேஜைமேல் காத்திருந்தது.

அஸ்கர் ஆக்சிலேட்டரை முறுக்கினான். சார்ஜ் ஏறினால் மீட்டர் பதினாலு வோல்ட்டுக்குப் போக வேண்டும். பன்னிரண்டிலேயே நின்றது. இன்ஜினில் கரண்ட் உண்டாக்கும் காயிலின் ஒயரைப் பிரித்துப் பார்த்தான். கரண்ட் நன்றாகவே வந்தது. மிச்சம், அதை அளவாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர்தான். அதன் போல்ட்டைக் கழற்றினான். அடியில் சேஸிஸ் புதுக்கறுப்பில் பளபளத்தது.

"பொங்கலுக்குப் பெயின்ட் அட்ச்சீங்களா சார்?"

"ஆமா. ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாதான் கீது. போல்ட்டுக்கு அடியிலயும் அட்ச்சிட்டான். பெயின்ட்டு மேல எர்த் புடிக்காது சார்."

உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, போல்ட்டை முடுக்கினான். மீட்டர் பதினாலைத் தொட்டது.

"மூணு பேட்டரி மேட்டரு உப்புத்தாள்ல முடிஞ்சிச்சே!" கிட்டு சிரித்தான். அப்பாதுரை சிரிக்கவில்லை. சுகுமாரையே பார்த்தார்.

அஸ்கர் கையைத் துடைத்துக்கொண்டான். இரண்டரைக்கு மறைமலை நகர் ஃபேக்டரியில் இன்டர்வியூ. நிரந்தர வேலை. எட்டு வருடம் இந்த ஷெட்டில் குந்தியவனுக்கு முதல்முறையாக வந்த கடிதம். காலையில் சொன்னபோது, "கலெக்டர் ஆயிட்டு வா பாய்" என்றிருந்தான் சுகுமார்.

"நவுரு," என்றான் சுகுமார் இப்போது. "மீட்டரு இன்னா கடவுளா? பதினஞ்சு வருஷமா நம்மளுது ஒரே டெஸ்ட்டு. ஓடற வண்டில பேட்டரி ஒயர கயட்டு. நின்னா சார்ஜ் இல்ல, ஓடினா ஓகே."

"வாணாம்ணா. வோல்ட் எகிறிடும். ரெகுலேட்டர் பூடும்."

"எனக்கே கிளாஸ் எடுக்கறான் பாருங்க சார்."

இரண்டு விரலால், சட்டையில் படாமல், ஒயரை உருவினான். வண்டி நிற்கவில்லை. "பாத்தியா?" என்று ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினான். நியூட்ரல் விளக்கு பளீரென்று எரிந்து கறுத்தது. ரெகுலேட்டரிலிருந்து புகை வந்தது. ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"இன்னாய்யா இது?" அப்பாதுரை கத்தினார்.

"இவன் சொரண்டி வச்சான்ல சார், அதான்."

"அண்ணா, நீங்கதான ஒயர கயட்னீங்க? கிட்டு, நீ சொல்லு."

கிட்டு தன் கடைப் பக்கம் பார்த்தான். "நான் டயரப் பாத்துகினு இருந்தேன் பாய்."

ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு. அஸ்கருக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை.

"சாயந்திரம் வண்டி வேணும்," என்றார் அப்பாதுரை. ஒயரைக் கழற்றியது யார் என்று கண்ணால் பார்த்தவர்தான் அவரும். தன் ரெகுலேட்டருக்கு யார் பதில் சொல்வார்கள் என்பது மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது.

"ஆயிடும் சார்." சுகுமார் அஸ்கர் தோளில் கை வைத்தான். குரல் இறங்கியிருந்தது. "சரி வுடு பாய். வண்டிய உள்ள தள்ளி வச்சிட்டு நீ கெளம்பு. டைம் ஆவுதுல்ல?"

அஸ்கர் தள்ளினான். ஷெட்டின் கோடியில் ஸ்டாண்டு போட்டு நிமிர்வதற்குள் வெளிச்சம் சுருங்கியது. ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையில் மோதியது.

"அண்ணா! அண்ணா, இன்டர்வியூண்ணா!"

"மொத்தமா ஒயரிங் மாத்து. நாலு மணிக்கு வரேன்," என்றது வெளியிலிருந்து குரல். "வாங்க சார், பிரியாணி சாப்ட்டு வந்துடலாம்."

இடது பக்கப் பூட்டு விழுந்தது. பிறகு வலது பக்கத்துப் பூட்டு.